ஸ்டில் லைஃப் ஓவியத்தின் நல்ல நகலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழத்தட்டு, பூச்சாடி, கண்ணாடிக் கோப்பை என்று மேசைமேல் வைத்த பொருள்களை வரைந்த பழைய ஓவியங்களின் நகல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையில் தெரியும் சிறு படத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். சிறு படத்தில் எல்லா நகலும் அழகாகத்தான் இருக்கும். அச்சாகி வந்த பிறகுதான் சாம்பல் நிறம் பச்சையடிப்பதும், கருப்புப் பின்னணி ஒரே பூச்சாக அப்பிக்கொண்டிருப்பதும் தெரியும். கீழே உள்ள வரிசையில் சரிபார்த்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பணம் கட்டும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: அசலின் விவரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

அசல் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் தளத்துக்குப் போய் ஓவியர், ஆண்டு, அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, வில்லெம் கிளாஸ் ஹெடா 1635இல் வரைந்த, பொன்முலாம் பூசிய கோப்பை உள்ள ஸ்டில் லைஃப் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அளவு 88 × 113 செ.மீ. அருங்காட்சியகங்கள் உயரத்தை முதலில் எழுதும், அகலம் அடுத்து வரும். கடைகளில் பல நேரம் இது தலைகீழாக இருக்கும். ஆர்டர் கொடுக்கும்போது ‘உயரம்’, ‘அகலம்’ என்று வார்த்தையில் எழுதிவிடுவது நல்லது.

ஒரே பெயரில் பல ஓவியங்கள் இருப்பதும் உண்டு. வான் காவின் ‘சூரியகாந்திகள்’ லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது 1888ஐச் சேர்ந்தது, மஞ்சள் பின்னணி. அதே ஆண்டில் வரைந்து இப்போது மியூனிக்கில் இருப்பதற்கு நீலப்பச்சைப் பின்னணி. ஆம்ஸ்டர்டாமில் இருப்பது 1889. எந்த ஊர்ப் படம் என்று சொல்லாமல் ‘சூரியகாந்தி’ என்று மட்டும் போட்டிருக்கும் விற்பனைப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

படி 2: விகிதத்தைக் கணக்குப் போடுங்கள்

அசலின் அகலத்தை உயரத்தால் வகுங்கள். ஹெடாவுக்கு 113 ÷ 88 = 1.28. கடையின் வழக்கமான 90 × 60 செ.மீ. பிரிண்ட்டுக்கு 1.5. இந்த இரண்டும் ஒட்டாது. அந்த அளவில் அச்சடித்தால் படத்தின் உயரத்தில் ஏறத்தாழ 14 சதவீதத்தை வெட்டியாக வேண்டும். ஓவியர் பொருள்களுக்கு மேலே வேண்டுமென்றே விட்ட வெற்றிடமோ, கீழே மேசைத்துணியின் தொங்கலோ போய்விடும். 90 செ.மீ. அகலம்தான் வேண்டுமென்றால் சரியான உயரம் 70 செ.மீ. ‘ஃபிரேம் ரெடியாக இருக்கிறது, அதற்கேற்ப வெட்டித் தருகிறோம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு அச்சடித்தால் ரெடிமேட் ஃபிரேமிலும் வெட்டாமல் போடலாம்.

எவ்வளவு பெரிதாக? அசலைவிடப் பெரிதாக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. இந்த வகை ஓவியங்களில் பொருள்கள் பெரும்பாலும் நிஜ அளவை ஒட்டியே இருக்கும். தர்பூசணி அளவுக்கு ஊதிய எலுமிச்சை சுவரில் எடுபடாது. ரொம்பவும் சிறிதாக்கினால் ஹெடாவின் உலோகப் பளபளப்பு வெறும் புள்ளியாகிவிடும். அசலில் 60 முதல் 100 சதவீதம் வரை பாதுகாப்பான எல்லை. பால் செசானின் ‘ஆப்பிள் கூடை’ (சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், 65 × 80 செ.மீ.) போன்றவற்றை முழு அளவிலேயே எடுக்கலாம். அதில் பாட்டில் சாய்ந்திருப்பதும், மேசை விளிம்பு இருபுறமும் ஒரே கோட்டில் வராததும் அச்சுப் பிழை அல்ல, ஓவியர் வரைந்ததே அப்படித்தான்.

படி 3: எந்த டிஜிட்டல் கோப்பிலிருந்து அச்சடிக்கிறார்கள் என்று கேளுங்கள்

நகலின் தரத்தில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 90 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 10,600 பிக்சல் வேண்டும். கான்வாஸுக்கு 150 போதும், அதாவது 5,300. அதைவிடக் குறைந்த பிக்சல் உள்ள படக்கோப்பை மென்பொருளால் பெரிதாக்கித் தருபவர்கள் உண்டு. எலுமிச்சைத் தோலின் துளைகளை உற்றுப் பாருங்கள். ஒரே மாதிரியான புள்ளிகள் அச்சு வைத்ததுபோல் திரும்பத் திரும்ப வந்தால் அது ஓவியர் வரைந்ததல்ல, மென்பொருள் இட்டு நிரப்பியது. வெளிச்சப் புள்ளிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தால் கூர்மையாக்கல் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பழைய வார்னிஷின் வெடிப்புகள் வலைபோல் துருத்திக்கொண்டு நிற்பதும் அதனால்தான்.

ரைக்ஸ்மியூசியம், வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆகியவை பதிப்புரிமை முடிந்த பல ஓவியங்களின் உயர்தரக் கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. படக்கோப்பை நீங்களே இறக்கி நல்ல அச்சகத்தில் கொடுப்பது பல நேரம் ரெடிமேட் நகலைவிட மேல். ஆனால் எல்லாப் பழைய பாணி ஓவியத்துக்கும் உரிமை முடிந்துவிடவில்லை. பாட்டில்களை வரைந்த இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி 1964இல்தான் இறந்தார். அவருடைய ஓவியங்களுக்குப் பல நாடுகளில் இன்னும் பதிப்புரிமை உண்டு.

‘எண்ணிட்ட லிமிட்டட் எடிஷன்’ என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். யாரும் அச்சடிக்கக்கூடிய படத்துக்கு வரிசை எண் போடுவதால் மதிப்பு கூடிவிடாது.

படி 4: காகிதமா, கான்வாஸா?

படத்தின் இருட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஃபிரான்சிஸ்கோ டி சுர்பரான் 1633இல் வரைந்த எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா ஓவியத்தின் பின்னணி கன்னங்கரேல். மேட் (பளபளப்பில்லாத) பருத்திக் காகிதத்தில் இந்தக் கருப்பு கரும்சாம்பலாக வெளிறிவிடும், ஏனென்றால் மை இழைகளுக்குள் இறங்கி ஒளியைச் சிதறடிக்கும். இதுபோன்ற படங்களுக்கு பரைட்டா (பேரியம் சல்பேட்) பூச்சுள்ள காகிதமோ வார்னிஷ் அடித்த கான்வாஸோதான் சரி. செசானின் ஓவியத்துக்கோ இதற்கு நேர்மாறாக, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள மேட் பருத்திக் காகிதம் அழகாக அமையும்.

பளீர் வெண்மைக்காக ஒளியூட்டி ரசாயனம் சேர்த்த காகிதம் வேண்டாம். மேசைத்துணியின் இளஞ்சூட்டு வெள்ளை அதில் நீலமடிக்கும். வருடங்கள் போனால் ரசாயனம் செயலிழந்து காகிதம் பழுப்பேறும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கைக் காட்டினால் இந்த வகைக் காகிதம் நீலமாக ஒளிரும்.

மை ‘பிக்மென்ட்’ (நிறமித் துகள்) வகையா என்று கேளுங்கள், ‘டை’ (கரையும் சாய) மை சீக்கிரம் வெளுக்கும். ‘ஜிக்லே’ என்ற சொல் இன்க்ஜெட் அச்சைக் குறிக்கிறது, அவ்வளவுதான். அது தரச் சான்று ஆகாது.

கான்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் பக்கவாட்டுக்கு 2 முதல் 4 செ.மீ. படம் மடங்கும். விளிம்பையொட்டிப் பொருள்கள் இருக்கும் படத்தில் பாதித் தட்டு சுவர்ப்பக்கம் போய்விடும். பக்கங்களைக் கருப்பாகவோ, படத்தின் விளிம்பைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பியோ அச்சடிக்கச் சொல்லுங்கள். வார்னிஷ் இல்லாத கான்வாஸ் மடிப்பில் விரிசல் விட்டு வெள்ளைக் கோடு காட்டும்.

கையால் வரைந்த நகல் என்றால், அனுப்பும் முன் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். முதலில் தட்டு, கோப்பை ஆகியவற்றின் நீள்வட்ட வாய்களைப் பாருங்கள், நகலெடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

படி 5: சோதனைத் துண்டு

முழுப் படத்துக்கு முன் அதிலிருந்து 20 × 30 செ.மீ. துண்டு ஒன்றை, சுருக்காமல் முழு அளவிலேயே அச்சடித்து வாங்குங்கள். துண்டில் அடர் இருட்டு, நடுச் சாம்பல், ஒரு வெளிச்சப் புள்ளி மூன்றும் இருக்க வேண்டும். பகலில் ஜன்னலருகே பாருங்கள், இரவில் மாட்டப்போகும் இடத்து விளக்கில் பாருங்கள். ஹெடாவின் சாம்பல் ஓரிடத்தில் பச்சையாகவும் மற்றோரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் தெரிந்தால், சாம்பலை வண்ண மைகளைக் கலந்தே உண்டாக்கியிருக்கிறார்கள். தனிச் சாம்பல் மைகள் உள்ள அச்சுப்பொறியில் இது பெருமளவு குறையும்.

படி 6: கண்ணாடி, மாட்டும் இடம்

இருண்ட படத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் உங்கள் முகம்தான் தெரியும். பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி விலை அதிகம், இங்கே அது தேவை. வார்னிஷ் அடித்த கான்வாஸுக்குக் கண்ணாடியே வேண்டாம். காகிதம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை இருக்கட்டும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ. உயரத்தில் வரட்டும். நேர் வெயில் படக்கூடாது. விளக்கின் நிறத்துல்லியக் குறியீடு (CRI) 90க்கு மேல் இருந்தால் நிறம் மாறாது தெரியும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராகக் கண்ணாடிமேல் அடித்தால் ஃபிரேம் இடுக்கு வழியே உள்ளே இறங்கி மவுண்ட் அட்டையில் கறையாகும்.