பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலையா? பாலியல் தொல்லைக்குப் புகார் கொடுப்பது எப்படி

மலையில் ஒரு சின்ன இடத்தில் வேலை பார்த்தபோது எனக்கே தேவைப்பட்டுத்தான் இதையெல்லாம் தேடித் தெரிந்துகொண்டேன். என்ன வேலை, எந்த ஊர், எதிரே யார் என்பதையெல்லாம் எழுத முடியாது. போஷ் சட்டம் என்று எல்லோரும் சொல்கிற, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதை வெளியிடக் கூடாது என்கிறது. நியாயம் கிடைத்ததா என்பதை மட்டும் அடையாளம் தெரியாமல் சொல்லலாம். கிடைத்தது.

எது பாலியல் துன்புறுத்தல் என்று நீட்டி விளக்கப் போவதில்லை. தொடுவது மட்டுமில்லை, ஆபாசப் பேச்சு, படம் காட்டுவது, "ஒத்துப்போனா சீசனுக்கு அப்புறமும் வேலை இருக்கும்" என்று ஜாடையாகச் சொல்வது எல்லாமே அதில் அடங்கும். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது வேறு வழக்கு, அதற்குத் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும்.

1. எந்தக் குழு?

பத்து அல்லது அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் அந்த இடத்திலேயே உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல்தான் என்றாலோ, மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவுக்குப் போகும். ஊட்டி, கொடைக்கானல் காட்டேஜ்களிலும் சாக்லேட் கடைகளிலும் "நிரந்தரமா அஞ்சு பேர்தான், மத்தவங்க சீசனுக்கு வந்தவங்க" என்று கணக்குக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு செல்லாது. தினக்கூலி, ஒப்பந்த ஆள், பயிற்சிக்கு வந்தவர் எல்லோரும் ஊழியர்தான்.

2. எங்கே கொடுப்பது? (நான் மாட்டிக்கொண்டு நின்ற இடம்)

உள்ளகக் குழு என்றால் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் பெயர்கள் இருக்க வேண்டும். உள்ளூர் குழுவுக்கு அப்படி ஒரு பலகையை நான் எங்கும் பார்க்கவில்லை. "பெண்கள் புகார் எங்கே கொடுக்கணும்?" என்று கேட்டால் மகளிர் காவல் நிலையத்துக்குக் கை காட்டுவார்கள், அங்கே போனால் கலெக்டர் ஆபீஸ் போங்கள் என்பார்கள், அங்கே மனு வாங்குகிற இடத்தில் "குடும்பப் பிரச்சினையா?" என்று கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது.

கேள்வியை மாற்றிக் கேட்டதும் வழி திறந்தது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இப்படியே கேளுங்கள்: "பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தில் உள்ளூர் புகார் குழுவுக்கு எங்கள் தாலுகாவின் நோடல் அதிகாரி யார்?" புகார் வாங்குவதற்கென்று ஒவ்வொரு தாலுகாவுக்கும் இப்படி ஒருவரை நியமிக்க வேண்டும், வாங்கிய புகாரை அவர் 7 நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 6ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பந்தலூர்க்காரர் இதற்காக ஊட்டிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் குழு கீழே இருக்கும், ஆனாலும் புகார் கொடுக்க மலை இறங்க வேண்டாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டா மனுவும் முதியோர் பென்ஷன் மனுவும் குவிகிற கூட்டத்தில் உங்கள் தாள் நாலு கை மாறும்.

இணையத்தில் புகார் கொடுக்க ஷீ-பாக்ஸ் என்ற மத்திய அரசு தளம் இருக்கிறது, 2024 ஆகஸ்டில் புதுப்பித்தார்கள். அதில் புகாரின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் நான் தாளைத்தான் நம்புவேன், கையில் தேதி முத்திரையோடு ஒரு நகல் இருந்தால் பிறகு யாரும் "வரவே இல்லையே" என்று சொல்ல முடியாது.

3. நாள் கணக்கு

சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதம். கடைசித் தொல்லை மே 20 என்றால் ஆகஸ்ட் 20க்குள். தாண்டிவிட்டதா? ஏன் தாமதம் என்று எழுதிக் கொடுங்கள், காரணம் சரி என்று பட்டால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.

4. எழுதுவது

கையால் எழுதினாலே போதும், டைப் சென்டரைத் தேடாதீர்கள். "மனவேதனை அடைந்தேன்" என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, நடந்ததை நடந்தபடி எழுதுவது வலுவானது. கற்பனையாக ஒரு மாதிரி:

"14.05 அன்று மாலை சுமார் 5.30 மணிக்குத் துணி அறையில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். 'ராத்திரி இருந்துட்டுப் போ, சம்பளத்தை நான் பாத்துக்கறேன்' என்றார். தோளில் கை வைத்தார். தட்டிவிட்டு வெளியே வந்தேன். சமையல்காரர் வாசலில் நின்றிருந்தார்."

நேரம், இடம், அவர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார். அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் பெயருக்குப் பதில் நம்பர் தெரிகிற மாதிரி எடுங்கள், தேதியும் தெரிய வேண்டும். வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள். முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். தானே மறைகிற மெசேஜ் என்றால் இன்னொரு போனால் படம் பிடித்துவிடுங்கள்.

5. கொடுப்பது

புகாரும் ஆதாரங்களும் 6 நகல், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. உங்களுக்கென்று ஏழாவதாக ஒன்று எடுத்து அதில் முத்திரை வாங்குங்கள். இன்னொன்று: வேலை பார்க்கிற ஊரில் ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். ரகசியம் காக்க வேண்டும் என்கிற சட்டம் குழுவைக் கட்டுப்படுத்தும், கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. கோத்தகிரி மாதிரி ஊரில் மதியத்துக்குள் விஷயம் பஸ் ஸ்டாண்டு போய்விடும். குன்னூரில் எடுங்கள்.

அப்புறம் என்ன நடக்கும்

7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் போகும், அவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். இரு தரப்பும் வக்கீலைக் கூட்டிவர முடியாது. விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேட்கலாம், இதைப் பலர் கேட்பதே இல்லை. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் வாங்கி முடிக்கக் கூடாது. காரணம் இல்லாமல் தொடர்ந்து மூன்று முறை ஆஜராகாவிட்டால் விசாரணையை முடித்துவிடலாம் என்று விதி இருக்கிறது, அதனால் மண் சரிந்து ரோடு அடைத்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். "நிரூபிக்க முடியலைன்னா உன்னைத்தான் உள்ளே தள்ளுவாங்க" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். நிரூபிக்க முடியாததற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று 14ஆம் பிரிவே சொல்கிறது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா தன் மகள் மூலம் மூன்று கேள்வி அனுப்பினார்.

எஸ்டேட் லாரியில் நடந்தால் கணக்கா? கணக்குதான், வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே.

எழுதத் தெரியாவிட்டால்? எழுத உதவுவது குழுவின் கடமை.

நூறு பேர் வேலை செய்தும் குழுவே இல்லையே? குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, அதை மாவட்ட அதிகாரிக்கு (இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த கலெக்டர் அல்லது துணை கலெக்டர் போன்றவர்) எழுதுங்கள். குழு வரும் வரை காத்திருக்காமல் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 75ஆம் பிரிவில் போலீசிலும் புகார் கொடுக்கலாம். அதற்கு வக்கீல் உதவி வேண்டுமென்றால் அரசின் சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு அங்கே இலவசம், வருமானச் சான்றிதழ் கேட்டால் தேவையில்லை என்று சொல்லுங்கள்.