பையன் மேல கேஸா? குமரி மாவட்டத்தில் சரியான வக்கீலைப் பிடிப்பது எப்படி

பைக் திருட்டு, கோயில் கொடை விழாவில் அடிதடி, போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) போய் நின்ற காதல். எதில் மாட்டினாலும் வீட்டில் முதலில் வரும் பேச்சு, "பெரிய கிரிமினல் வக்கீலா பிடி" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். சம்பவம் நடந்த அன்று 18 வயது நிறையாதவர் என்றால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி வழக்கு இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காரும் இடம் அது. செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சியைத் திணறடிக்கிறவர் இங்கேயும் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது.

படி 1: வக்கீல் வரும்வரை

ஸ்டேஷனில் குழந்தைகள் நல காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும். "எழுதிக் கொடுத்தா விட்டுருவோம்" என்றால் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

ஒருவர் ஸ்டேஷனில் இருக்கட்டும், இன்னொருவர் வீட்டுக்குப் போய் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து வரட்டும். அவை இல்லாவிட்டால்தான் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். வெறும் ஆதாரை நீட்டினால் போதாது.

படி 2: இலவச வக்கீலை முதலில் பாருங்கள்

நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். 18 நிறையாதவர் சட்டப்படி குழந்தைதான்; குழந்தை என்றாலே இலவச சட்ட உதவி உண்டு, அப்பாவின் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். 'ஓசி வக்கீல் என்னத்த செய்வார்' என்ற இளக்காரம் நம்மூரில் உண்டு. என் கணிப்பில், வாரா வாரம் குழுமத்தில் நிற்கிறவர், அங்கே எட்டிப் பார்க்காத பெரிய வக்கீலை விட மேல்.

படி 3: காசு கொடுத்துப் பிடிப்பதென்றால்

கோர்ட் வாசல் புரோக்கர் வேண்டாம். கேஸ் போட்ட ஸ்டேஷனிலேயே கைகாட்டும் வக்கீலும் வேண்டாம். இரண்டு மூன்று பேரை நேரில் பார்த்து, குழுமத்தில் கடைசியாக எப்போது ஆஜரானார் என்று கேளுங்கள்.

அப்புறம் ஜாமீன். இங்கே ஜாமீன் தருவதுதான் வழக்கம். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதி கெட்டுப்போகும் என்று நம்ப இடமிருந்தால்தான் மறுக்கலாம். அதனால் விவரம் தெரிந்த வக்கீல் உங்களையே திருப்பிக் கேட்பார்: வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், யாரோடு சுற்றுகிறான், பள்ளிக்கூடம் போகிறானா? "எஸ்.ஐ. நம்ம ஆளு, பாத்துக்கலாம்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பையனுக்கு 16 தாண்டியிருந்து, குற்றம் குறைந்தபட்சமே ஏழு வருடத் தண்டனை உள்ளது என்றால் (போக்சோவில் பல பிரிவுகள் இதில் வரும்) "முதல்நிலை மதிப்பீட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டே ஆக வேண்டும். அவன் செய்தானா இல்லையா என்பதல்ல அங்கே கேள்வி. அதைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்ப்பார்கள். பாதகமாக முடிந்தால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாறி, பெரியவனைப் போல விசாரிக்கப்படலாம். டீச்சர் என்ன சொல்வார், பழைய ஆஸ்பத்திரி சீட்டு இருக்கிறதா, மனநல நிபுணரைக் கூப்பிடலாமா என்றெல்லாம் யோசிக்கிற வக்கீல் வேண்டும். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று முழிப்பவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 4: பேசி முடிக்கும்போது

ஃபீஸில் எதெல்லாம் அடங்கும், ஜாமீன் மட்டுமா விசாரணை முடியும்வரையா என்று தாளில் எழுதி வாங்குங்கள். பையனிடம் வக்கீல் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். அம்மா முன்னால் அவன் பாதியை விழுங்கிவிடுவான்.

நாலு பையன்கள் சேர்ந்து மாட்டியிருந்தால், செலவை மிச்சம் பிடிக்க ஒரே வக்கீலை வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். நாளைக்கு ஒருவன் "நான் இல்ல, அவன்தான்" என்றால் அந்த வக்கீல் யார் பக்கம் பேசுவார்?

நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டைப் பற்றி சமூக விசாரணை அறிக்கை கொடுப்பார். அவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதை வக்கீலிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பையன் பெயரையோ போட்டோவையோ வாட்ஸ்ஆப் குரூப்பில் போடவேண்டாம். அவன் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

வக்கீல் சரியாக வரவில்லையா? இலவச வக்கீல் என்றால் ஆணைக்குழுச் செயலாளருக்கு மனு எழுதி வேறொருவரைக் கேளுங்கள். காசு கொடுத்தவர் என்றால், அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, கேஸ் கட்டையும் கையோடு வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போகலாம்.