கடற்பாசி ஆராய்ச்சியிலிருந்து பயோடெக் கம்பெனிக்கு: எப்படித் தயாராவது?

மண்டபத்திலோ தொண்டியிலோ பிஎச்.டி. முடிக்கப் போகிறவர்களுக்கும், முடித்துவிட்டு அடுத்த ப்ராஜெக்ட் எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்களுக்கும்தான் இது. உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அப்புறம் 42,000 என்று வருகிற வரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது நின்ற மாதமே வீட்டில் கேள்வி ஆரம்பித்துவிடும். அந்த மாதம் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே தயாராகத் தொடங்குங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் உங்கள் ஆய்வுத் தலைப்பைப் பார்த்து வேலை தருவதில்லை. ஒரு வேலையை இன்றைக்குச் செய்தாலும் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும், நீங்கள் செய்தாலும் பக்கத்து மேஜைக்காரர் செய்தாலும், ஒரே முடிவு வருமா, வராவிட்டால் ஏன் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். இதில் நம் கடற்கரையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பலம் உண்டு, பெரும்பாலோர் அதைச் சொல்லிக்கொள்வதே இல்லை. வடகடல் (பாக் விரிகுடா) பாசியும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பாசியும் ஒன்றாக இருக்காது, மழை மாதத்தில் காய்ந்த பாசியில் ஈரம் நிற்கும், மரிக்கொழுந்துப் பாசியில் எடுத்த அகர் (பாசியிலிருந்து எடுக்கிற, ஆறினால் இறுகும் கூழ்ப்பொருள்) இறுகுகிற அளவுக்கு கஞ்சிப்பாசி அகர் இறுகாது. இதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம். மூலப்பொருள் மாறிக்கொண்டே இருக்கும்போது முடிவை மட்டும் மாறாமல் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் தொழிற்சாலையின் தினசரித் தலைவலி.

ஆகவே பயோடேட்டாவை மாற்றி எழுதுங்கள். 'கப்பாபைகஸ் அல்வரேசி சாற்றின் பயிர் வளர்ச்சித் தூண்டல் பண்புகள் குறித்த ஆய்வு' என்று, மிதவையில் வளர்க்கிற அந்தச் சிவப்புப் பாசியைப் பற்றி ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கிற ஹெச்.ஆர். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: 'இரண்டு கடல் பக்கமும் மிதவைகளிலிருந்து வந்த பாசியை ஈரப்பதம், உப்பு, சாம்பல் அளவு பார்த்துத் தரம் பிரித்தேன், சாறு பிழியும் முறையை ஒரு லிட்டரிலிருந்து ஐம்பது லிட்டருக்குக் கொண்டுபோனேன், மூன்று மாதம் வைத்து அது கெடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.' செய்யாததை எழுதக் கூடாது, இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். செய்தது எதுவோ, அதை அளவோடு எழுதுங்கள். கட்டுரைப் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம்.

எந்த வேலைக்குப் போவது? பாசி படித்தவர் பாசிக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மானாமதுரையில் கப்பாபைகஸைப் பதப்படுத்தும் ஆலை இருக்கிறது. பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிர் ஊக்கியாகவும், மிச்சத்தைக் கராஜீனனாகவும் (உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கூழ்ப்பொருள்) ஆக்குகிற முறையை உருவாக்கியதே நம் மண்டபத்தில் கிளை வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம்தான். 2021-இல் பயிர் ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வயல் சோதனை முடிவு, நச்சுத்தன்மைச் சோதனை, கன உலோக அளவு எல்லாவற்றையும் முறைப்படி தொகுத்துக் கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. ரெகுலேட்டரி என்று சொல்கிற இந்த வேலையை நம் பிள்ளைகள் எழுத்து வேலை என்று ஒதுக்குகிறார்கள். ஆய்வேடு எழுதிப் பழகியவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு என்பது என் கருத்து. இறால் பொரிப்பகங்களில் வெள்ளைப்புள்ளி வைரஸுக்கும், இறாலின் வளர்ச்சியைக் குறைக்கும் நுண்ணொட்டுண்ணியான இ.எச்.பி.க்கும் பி.சி.ஆர். (மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) பார்க்கிற வேலை இருக்கிறது. மருந்துக் கம்பெனி என்றால் ஹைதராபாத், பெங்களூரு, சென்னை. பெங்களூரு மருந்துக் கம்பெனியான பயோகான் 1978-இல் தொடங்கியபோது தயாரித்தவை பப்பாளியிலிருந்து எடுக்கிற பப்பைன் என்ற நொதியும், மீன் நெட்டியிலிருந்து (மீனின் காற்றுப்பை) எடுக்கிற, பீரைத் தெளிவாக்கும் ஐசிங்கிளாஸும்தான். பாம்பன் ஏலத்தில் நெட்டிக்காகக் கூறல் மீன் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தவர்களுக்கு, கடல்பொருளைத் தூரத்துச் சமாச்சாரமாக நினைக்கத் தோன்றாது.

சரி, நேர்காணல். தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு அநேகமாக வருகிற கேள்வி: 'ஒரு பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) முடிவு வரம்பைத் தாண்டிவிட்டது, என்ன செய்வீர்கள்?' ஆய்வகத்திலிருந்து நேராக வருகிறவர் 'மறுபடி ஒரு தடவை ரன் பண்ணுவேன்' என்று சொல்லிவிடுவார். அங்கேயே கதை முடிந்தது. சரியான பதில் வேறு. கரைசலையும் சாம்பிளையும் கொட்டாமல் அப்படியே வைக்க வேண்டும், மேலதிகாரியிடம் உடனே சொல்ல வேண்டும், கணக்கு, எடை, ஸ்டாண்டர்டு, கருவியின் அளவுத்திருத்தம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுத வேண்டும். காரணம் இல்லாமல் மறுசோதனை செய்து நல்ல எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது மருந்துத் துறையில் பெரிய குற்றம், ஏனென்றால் அந்த மருந்து யாரோ ஒருவரின் உடம்புக்குள் போகப் போகிறது.

இதற்கான பழக்கத்தை இப்போதே உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் தொடங்கலாம். துண்டுத் தாளில் குறித்துவிட்டுச் சாயங்காலம் அழகாகக் காப்பி பண்ணாதீர்கள். பார்த்த நேரத்தில், பேனாவில், நேராக நோட்டில். தப்பாகிவிட்டால் படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண், காரணம், கையெழுத்து, தேதி. ஒயிட்னர் கூடவே கூடாது. ஜிஎம்பி (நல்ல உற்பத்தி நடைமுறை) சான்றிதழ்ப் படிப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு வருஷம் செய்யுங்கள், கேள்வி கேட்கிறவருக்கு உங்கள் பேச்சிலேயே அது தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடலிலிருந்து சாம்பிள் எடுத்தவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எந்த அனுமதியில், எந்தத் தேதியில், எங்கே எடுத்தீர்கள் என்று கம்பெனியின் வக்கீல் கேட்பார். அந்த அனுமதிக் கடித நகல்கள் உங்களிடமும் இருக்கட்டும், துறை பீரோவை மட்டும் நம்ப வேண்டாம். காப்புரிமை எண்ணம் இருந்தால் கட்டுரை அச்சாவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், வெளியான விஷயத்துக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. இந்திய உயிரிவளத்தை வைத்துக் காப்புரிமை கேட்டால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடமும் போக வேண்டியிருக்கும்.

கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) எப்போது சொல்வது? சீக்கிரமாக, நேராக. 'சார், ஆய்வேடு சமர்ப்பித்ததும் கம்பெனிப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன், எந்த மாதத்துக்குள் முடித்துவிடலாம்?' என்று தேதியோடு பேசுங்கள். வெளியே யாரிடமாவது கேள்விப்பட்டால்தான் அவருக்கு மனக்கஷ்டம். முன்னாள் மாணவர் யாரையாவது அவரே கைகாட்டிவிடவும் கூடும்.

சம்பளத்தில் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்கிற தொகையைப் பார்த்து மயங்காமல், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று கேளுங்கள். வாடகையும் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் இரவு ஷிஃப்ட், கம்பெனி பஸ், விடுதி இதையெல்லாம் சேரும் முன்பே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள், வீட்டில் பேசுவதற்கும் அது உதவும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள், எவ்வளவு பெரிய சம்பளம் சொன்னாலும் சரி.