பக்கத்துப் பசுமையைக் காக்க யார் வருவார்கள்? டர்பன் குடியிருப்பில் கேட்டறியும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஓடைக்கரைகளிலும் பள்ளங்களிலும் காடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. "இதைக் காப்பாற்ற வேண்டுமா?" என்று வீடு வீடாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். சனிக்கிழமை காலை துப்புரவுப் பணிக்கு நாலு பேர் வந்தால் பெரிது. எந்தக் கட்டத்தில் மனம் தடைபடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் துண்டறிக்கை அச்சடிப்பது பண விரயம்.

பால் ஸ்டெர்னும் சக ஆய்வாளர்களும் 1999இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு நன்றாக உதவும். ஒருவர் எதைப் பெரிதாக மதிக்கிறார், இயற்கை கெட்டால் யாருக்குப் பாதிப்பு என்று நம்புகிறார், அதைத் தடுப்பதில் தனக்குப் பங்கு உண்டென்று நினைக்கிறாரா, செய்யாவிட்டால் மனசாட்சி உறுத்துமா: இந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் செயல் வராது.

முதலில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது டர்பனின் திறந்தவெளி அமைப்பான டிமாஸ் எல்லைக்குள் வருகிறதா என்று மாநகராட்சி வரைபடத்தில் பாருங்கள். தனியார் நிலமும் டிமாஸுக்குள் உண்டு. நிலம் யாருடையது என்று தெரியாமல் கேள்வி கேட்கப் போகாதீர்கள். பிறகு சுற்றிலும் 500 மீட்டருக்குள் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடாக, 100 வீடு வரை போங்கள். அப்போதும் கிடைக்கும் சதவீதம் ஏறக்குறைய பத்துப் புள்ளி முன்பின் ஆகலாம். 52க்கும் 58க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முயல வேண்டாம். கதவைத் திறந்தவரையே கேட்டால் பகலில் வீட்டிலிருக்கும் பெரியவர்களின் பதில்தான் குவியும். வீட்டில் வயதுவந்தவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைக் கேளுங்கள். புனித வெள்ளியையும் புரட்டாசிச் சனிக்கிழமைகளையும் தவிர்த்துவிடுங்கள். ஓடையோரக் குடிசைகளில் இருக்கும் ஸுலு குடும்பங்களை விடவே கூடாது. விறகுக்கும் மூலிகைக்கும் அந்தக் காட்டுக்குள் போகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள்.

படிவம் ஆங்கிலத்திலும் ஸுலுவிலும் இருக்கட்டும். தமிழில் பேச விரும்பும் ஆயா, தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பவர் அதே தெருக்காரராக இருந்தால், முகத்துக்காக நல்ல பதில்தான் வரும். வேறு தெருவிலிருந்து இரண்டு பேரை அனுப்புங்கள். சமய நம்பிக்கை பற்றிக் கேட்பதென்றால் தனிநபர் தகவலைக் காக்கும் 2013ஆம் ஆண்டின் போப்பியா சட்டப்படி அது சிறப்புத் தகவல். சம்மதத்தைத் தனித் தாளில் எழுத்தில் வாங்குங்கள், பெயரைக் கேள்விப் படிவத்தில் எழுதாதீர்கள்.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். மதிப்பீடுகளை முதலில் கேட்டால், அதற்கு ஒத்துப்போக வேண்டுமே என்று பின்னால் "வருகிறேன்" என்பார்கள். ஆகவே செயலை முதலில் கேளுங்கள், அதுவும் குறிப்பாக: "மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வருவீர்களா? காட்டை அழிக்கத் திட்டம் வந்தால் ஆட்சேபக் கடிதத்தில் உங்கள் பெயரைப் போடுவீர்களா? தோட்டக் குப்பையை வேலிக்கு அப்பால் கொட்டுவதை நிறுத்துவீர்களா?" அப்புறம்தான் ஐந்து படி அளவுகோலில் (முழுதும் ஒப்பவில்லை என்பதிலிருந்து முழுதும் ஒப்புகிறேன் வரை), கண்ணிக்கு மூன்று வாக்கியம்: "இந்தக் கரைக் காடு போனால் மழைவெள்ளம் எங்கள் வீட்டைப் பாதிக்கும்", "இதைப் பார்த்துக்கொள்வது மாநகராட்சி வேலை, எங்கள் வேலை இல்லை" என்பது போல. "காடும் கோயிலும் புனிதமானவை" என்று இரண்டு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் அடைத்தால் பதிலுக்கு அர்த்தம் இருக்காது.

விடைகளைப் படிக்கும்போது சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். அக்கறை உயர்ந்து பொறுப்பு தாழ்ந்திருந்தால், நிறவெறி ஆட்சியில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வட்டாரச் சட்டத்தால் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தலைமுறையை நினைத்துப் பாருங்கள். "நிலம் சர்க்காருடையது" என்ற எண்ணம் சும்மா வந்ததில்லை. அங்கே இயற்கையின் அருமையைச் சொல்லிப் பயனில்லை. ஒரு சிறு துண்டு நிலத்தை மாநகராட்சியிடம் எழுத்தில் பேசி, தெருவின் பராமரிப்பில் வாங்கித் தாருங்கள். வெள்ளம் பற்றிய நம்பிக்கை தாழ்ந்திருந்தால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தங்கள் ஓடை எதுவரை ஏறியது என்று மக்களையே காட்டச் சொல்லுங்கள். காட்டுப் பாதையில் நடக்கப் பயம்தான் தடை என்றால், குறிப்பாகப் பெண்கள் அப்படிச் சொன்னால், நடைபாதையின் இருபுறமும் இரண்டு மீட்டர் வரை கீழ்ப்புதரைக் கழித்துப் பார்வை கிடைக்கச் செய்யுங்கள். காட்டையே வழித்தெடுத்தால் வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடிதான் முதலில் முளைக்கும்.

வேம்பு போலிருக்கும் சிரிங்கா மரத்தின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அரசின் அயல் ஊடுருவிப் பட்டியலில் உள்ள மரம் அது. ஆனால் மாரியம்மன் பூசைக்கு வேப்பிலை இடத்தில் அதன் இலையைத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆடிக் கஞ்சிக்கு முந்தின வாரம் ரம்பத்தோடு போய் நின்றால், பக்தியே காட்டுக்கு எதிராகத் திரும்பிவிடும். கோயில் நிர்வாகத்தோடு முதலில் பேசுங்கள். பூசைக்கு உண்மையான வேம்பை வளர்க்க முடியுமா என்று பாருங்கள், ஓடைக்கரைக் கன்றுகளை முதலில் பிடுங்குங்கள், பெரிய மரத்தைக் கடைசியில் தொடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, வருவேன் என்றவர்களின் மொத்த எண்ணிக்கையையும் உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கையையும் தெருவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி பெரிதாக உள்ள தெருவுக்கே மறுபடி போங்கள், இந்த முறை படிவம் இல்லாமல், நேரமும் இடமும் அவர்களே குறிக்கட்டும்.