காட்டு நிர்வாகத் தலைவர்களின் பணிக்குறிப்பு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றாடல் தினச் சிறப்பிதழ், பரிசளிப்பு விழா மலர், பொது அறிவுப் போட்டி என்று ஏதாவது வந்தால்தான் காட்டு நிர்வாகத்தின் மேலதிகாரிகளைப் பற்றி எங்கள் ஊர்ப்பக்கத்தில் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து இளையவர்கள் கொண்டுவரும் அத்தகைய குறிப்புகளை நெடுங்காலமாகத் திருத்திக் கொடுக்கிறேன். நாங்கள் எழுதத் தொடங்கிய நாளில் விட்ட பிழைகளையே இவர்களும் விடுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, பிறந்த ஆண்டு மாறுவது போன்றவை யார் கண்ணிலும் படும். அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு திணைக்களங்களை ஒன்றாக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். காக்கி உடுப்போடு காட்டுப்பக்கம் வருகிற எவரையும் எங்கள் சனம் 'பொறஸ்ற்காரர்' என்றே சொல்லும். பேச்சில் சொல்லிவிட்டுப் போகட்டும், அச்சில் அப்படி வரக்கூடாது. இலங்கையில் வனப் பாதுகாப்புத் திணைக்களம் வேறு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வேறு. முன்னது 1887இல் தொடங்கியது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பின்னது 1949இல் வந்தது. அது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கிறது. சிங்கராஜா வனத் திணைக்களத்திடம் இருக்கிறது. யால, வில்பத்து, ஹோட்டன் சமவெளி எல்லாம் வனசீவராசிகள் பக்கம். எங்களுக்குக் கிட்டடியில் உள்ள சுண்டிக்குளமும் அப்படித்தான்: 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா.

பிள்ளைகள் குழம்புவதற்குத் தமிழ்நாட்டுக் காணொளிகளும் காரணம். அங்கே தேக்கந்தோட்டமும் முதுமலைப் புலிகளும் ஒரே வனத்துறையின் கீழ். அதிகாரி ஒருவர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது வெறும் இடமாற்றம். இங்கே அது திணைக்களமே மாறுகிற விஷயம்; சட்டமும் மாறும், மேலதிகாரியும் மாறுவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறப்பு மலரில், சேவைக்காலம் முழுவதும் தேக்கு வளர்ப்பிலும் காட்டு எல்லை பிரிப்பிலும் கழித்த ஒரு வன அதிகாரியை 'சுண்டிக்குளம் பூங்காவை நிர்வகித்த அனுபவசாலி' என்று எழுதிவிட்டார்கள். பயிர்க்காணி பூங்காவின் எல்லைக்கல்லுக்கு அங்கால் போய்விட்ட ஒரு கிராமத்துச் சனம் அதை வாசித்தது. எங்கள் அலுவலைத் தெரிந்த மனுசர் என்று நம்பிக் காணி அனுமதிப் பத்திரப் பிரதி, நில அளவைப் படம், கையொப்பங்கள் எல்லாவற்றையும் அவருக்கே அனுப்பியது. இந்த விடயம் தங்கள் திணைக்களத்துக்கு உரியதல்ல என்று பதில் வர மாதக்கணக்காயிற்று. அதற்குள் காலபோக விதைப்பு தொடங்கிவிட்டது. அந்தக் கிராமத்துச் சங்கத் தலைவர் அந்த மலரைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். அந்த வரியின் கீழே நீலப் பேனையால் கோடு. "தம்பி, அச்சில வந்ததைத்தானே நாங்கள் நம்பினனாங்கள்" என்றார். எழுதிய பிள்ளைக்கு அது ஒரு வரி. அவர்களுக்கு ஒரு போகம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. உச்சப் பதவியைப் பாருங்கள்: வனத் திணைக்களத்தின் தலைவர் வனப் பாதுகாவலர் நாயகம்; வனசீவராசிகளின் தலைவர் பணிப்பாளர் நாயகம். அதிலும் தெளியாவிட்டால் முதல் பத்து வருடப் பதவிகளைப் பாருங்கள். மரநடுகை, மரம் ஏற்றும் அனுமதி, ஒதுக்குக்காட்டு எல்லை என்று வந்தால் ஒரு பக்கம். பூங்கா, சரணாலயம், யானைப் பிரச்சினை என்று வந்தால் மற்றப் பக்கம். 1968இல் உருவான அரச மரக் கூட்டுத்தாபனத்தை இரண்டோடும் சேர்க்காதீர்கள். அது மரம் வெட்டி விற்கிற நிறுவனம்.

தலைவர் என்றால் காட்டியல் படித்தவர்தான் என்று எண்ணுவது

பிரித்தானிய இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக 1864இல் பதவியேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் தாவரவியலாளர். அதற்கு முன் 1856 முதல் பர்மாவின் தேக்குக் காடுகளில் வேலை பழகியவர். 1905இல் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்ஷோ பிரான்சின் நான்சியில் காட்டியல் படித்தவர். அதே நாற்காலியில் பிற்காலத்தில் இருந்த ஜாக் வார்ட் தோமஸ் வனவிலங்கு உயிரியலாளர், மைக் டொம்பெக் மீன்வள ஆய்வாளர், ரண்டி மூர் மண்ணியலாளராகத் தொழிலைத் தொடங்கியவர். எங்கள் நாட்டில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு நிர்வாக சேவையிலிருந்தும் தலைவர்கள் வந்திருக்கிறார்கள். அப்படி வந்தவரைப் 'பிரபல விலங்கியல் நிபுணர்' என்று எழுதி உயர்த்தத் தேவையில்லை. பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் காணிப் பிணக்குத் தீர்த்த அனுபவம் காட்டெல்லைச் சண்டையில் மிகவும் உதவும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

ஐ.எஃப்.எஸ்.

இந்தியாவில் வனப் பணிக்கும் வெளிநாட்டுப் பணிக்கும் இதே சுருக்கம். விரித்து எழுதுங்கள்.

பட்டங்களை அடுக்கிவிட்டுக் காடுகளை விட்டுவிடுவது

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம், நுவரெலியா வனவியல் நிறுவனம், வெளிநாட்டு முதுமாணி என்று பாதிப் பக்கம் போகும். எந்த மாவட்டத்தில் எவ்வளவு காலம் இருந்தார் என்பது மட்டும் இராது. எனக்கு முதலில் அதுதான் வேண்டும். மலைநாட்டுப் பைன் தோட்டத்தில் வளர்ந்தவருக்கும், வன்னியில் பாலையும் முதிரையும் வீரையும் நிற்கிற காட்டில் வளர்ந்தவருக்கும் பார்வை ஒன்றாக இராது. ஓய்வுபெற்ற ஒருவரிடம் சேவை விபரம் கேட்டுப் போனபோது அவர் சான்றிதழ்க் கோப்பை எடுக்கவில்லை. வெட்டின முதிரைக் குற்றியின் முகத்தில், அனுமதி காட்டச் சுத்தியலால் அடிக்கும் முத்திரை எந்த இடத்தில் விழவேண்டும், பழைய முத்திரையைச் செதுக்கிப் புதிதாக அடித்தால் மரத்தின் நிறம் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று விரலால் மேசையில் கீறிக் காட்டினார். அவருடைய குறிப்பில் நான் முதலில் எழுதியது அதைத்தான். அடுத்ததாக, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருந்த ஆண்டுகள். பட்டம் கடைசி வரியில்.

பதில் கடமை

தற்காலிகமாகப் பதில் கடமை பார்த்தவரை நிரந்தரத் தலைவராக்காதீர்கள். திணைக்களத் தலைவரை நியமிப்பது அமைச்சரவை; அந்த நியமனத் திகதியைத் தேடுங்கள்.

அமைச்சரைத் தலைவராக எழுதுவது

அமைச்சர், அமைச்சின் செயலாளர், திணைக்களத் தலைவர்: மூன்று பேர். உங்களிடம் கேட்டது மூன்றாமவரின் பணிக்குறிப்பு.