ஈர வேரில் பிரேக் வேண்டாம்

கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம் இருந்தது. இன்று அங்குள்ள மண்பாதைகளில் மலை சைக்கிள் ஓட்டும் புதியவர்களை அதிகம் விழவைப்பது மேடோ பள்ளமோ அல்ல, மழையில் நனைந்து, மேல்தோல் தேய்ந்து வழவழவென்று கிடக்கும் வேர்தான்.

வேரின்மேல் இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சிக்கி நின்று, வேரின் சாய்வோடு பக்கவாட்டில் வழுக்கும். முன்சக்கரம் என்றால் சமாளிக்க நேரமே கிடைக்காது. அதனால் வேருக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால், மண்ணிலேயே வேகத்தைக் குறையுங்கள். வேரைத் தொடும்போது இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டு, நேர் குறுக்காகத் தாண்டுங்கள். சாய்வாக ஏறினால் டயர் வேரோடு ஓடிவிடும்.

இருக்கையை 5 செ.மீ. இறக்கி வையுங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்கையை மடக்கி, லேசாக எழுந்து நில்லுங்கள். தாழ்ந்த பெடல் வேரில் இடித்தால் ஆளையே தூக்கிப்போடும்.

காற்று? டியூப் போட்ட 2.25 அங்குல டயர், 70 கிலோ ஆள் என்றால் முன்னே 26, பின்னே 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். கல்லுப்போல் அடித்தால் டயர் துள்ளும். ரொம்பக் குறைத்தால் ரிம் இடித்து டியூபில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும்.

எந்தக் கைப்பிடி முன்பிரேக் என்று முதலில் பாருங்கள், வண்டிக்கு வண்டி மாறும். பக்கத்துத் திடலின் ஈரப்புல்லில் ஒரே விரலால் அதை அழுத்திப் பழகுங்கள். ஹெல்மெட், கையுறை கட்டாயம். பிற்பகலில் இடி கேட்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.