மெத்தை தேர்ந்தெடுப்பது எப்படி: படுக்கும் விதமும் படுக்கையறைக் காற்றும்

மெத்தை விஷயத்தில் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. நீங்கள் படுக்கும் விதமும் உடல் எடையும் அதற்குப் பதில் சொல்லும். எந்தப் பொருளால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அதை முடிவு செய்வது நீங்கள் தூங்கும் அறையின் வெப்பமும் ஈரமும். விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, மேலே 'ஆர்த்தோ', 'கூல்' என்று ஒரு பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயர்களைப் பொருட்படுத்த வேண்டாம். 'ஆர்த்தோ' என்றால் பெரும்பாலும் கெட்டியான மெத்தை, அவ்வளவுதான்.

கட்டிலின் அளவை எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை, சென்டிமீட்டரில். குயின், கிங் என்ற பெயர்களின் அளவு நாட்டுக்கு நாடு மாறும்.

படி 1: விழிக்கும்போது எப்படிக் கிடக்கிறீர்கள்?

"நான் மல்லாந்துதான் தூங்குவேன்" என்று சொல்பவர்களில் பலர், தூக்கம் வரும்வரைதான் அப்படிப் படுத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகான மணி நேரங்கள். ஒரு வாரத்துக்குக் காலையில் கண் விழித்ததும், புரளாமல், எப்படிக் கிடக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பக்கத்தில் படுப்பவர் இருந்தால் அவரைக் கேட்பது இன்னும் நல்லது. எங்கே மரத்துப்போகிறது, எங்கே வலிக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எடை முழுக்க அந்த இரண்டு இடங்களிலேயே நின்று, கை மரத்துப்போகும். இவர்களுக்கு நடுத்தரம், அல்லது அதைவிடச் சற்று மிருதுவானது சரிப்படும். மல்லாந்து படுப்பவர்களுக்கு நடுத்தரத்துக்கும் கெட்டிக்கும் இடைப்பட்டது. கெட்டி மெத்தை உண்மையிலேயே தேவைப்படுவது குப்புறப் படுப்பவர்களுக்குத்தான். மெத்தை இளகியிருந்தால் வயிற்றுப் பக்கம் கீழே இறங்கி முதுகு வளைந்துவிடும். தலையணையும் மெல்லியதாக இருக்கட்டும்.

இரவெல்லாம் புரள்பவரா? மெமரி ஃபோம் வேண்டாம். உடம்பு அழுத்திய குழி அதில் மெதுவாகத்தான் நிரம்பும். புரளும்போதெல்லாம் அந்தக் குழியிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். லேடெக்ஸும் (ரப்பர் நுரை) ஸ்பிரிங்கும் உடனே எழும்பிக்கொள்ளும்.

அடுத்தது எடை. ஒரே மெத்தை 50 கிலோ உள்ளவருக்குக் கெட்டியாகவும் 90 கிலோ உள்ளவருக்கு மிருதுவாகவும் படும். நண்பர் "சூப்பர்" என்று சொன்ன மெத்தை உங்களுக்கு ஒத்துவராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 'மீடியம்' என்ற சொல்லுக்கும் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான அளவு கிடையாது.

முதுகு வலிக்குக் கெட்டி மெத்தைதான் மருந்து என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் இருக்கும்போது வலியும், அன்றாட வேலைகளில் சிரமமும் அதிகம் குறைந்திருந்தன. ஆகவே "முதுகு வலி, அதனால் கெட்டியா கொடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். வலி விடாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மெத்தையால் எல்லாம் தீராது.

படி 2: அறையின் காற்றை அளந்து பாருங்கள்

வெளியே என்ன வெயில் என்பதை விட்டுவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் படுக்கையறையில் என்ன நிலைமை என்பதே கேள்வி. கடும் கோடைப் பிரதேசத்தில் இருந்தாலும் இரவு முழுக்க ஏசியில் தூங்குபவருக்கும், மின்விசிறியை மட்டும் நம்பித் தூங்குபவருக்கும் ஒரே மெத்தை பொருந்தாது. ஏசியை நடுராத்திரியில் அணைத்துவிடுபவர் இரண்டாவது கூட்டத்தில் சேர்த்தி.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். மெத்தைக்கு முன் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான் என்பது என் கட்சி. ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் உங்களுடையது புழுக்கமான அறை. மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே வாழ்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அவை பெருகுவது கடினம். தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த எண் இன்னும் முக்கியம்.

தூங்கும் நேரத்தில் உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. மெத்தையை ஒட்டியிருக்கும் பக்கத்துக்குக் காற்றே இல்லை. எவ்வளவு ஆழமாக உள்ளே புதைகிறோமோ அவ்வளவு பெரிய பரப்பு மூடப்படும். ஃபோம் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் என்பதால் சூடு அங்கேயே தங்கிவிடும்.

புழுக்கமான அறைக்கு என் முதல் தேர்வு பாக்கெட் ஸ்பிரிங் (ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருப்பது), மேலே 5 சென்டிமீட்டருக்கு மிகாத லேடெக்ஸ் அல்லது ஃபோம். உள்ளே பெரும்பகுதி காலி இடம் என்பதால் நீங்கள் புரளும்போதே காற்று நகரும். அடுத்தது, ஊசித்துளைகள் உள்ள லேடெக்ஸ். டன்லப், டலாலே என்று அதைச் செய்யும் முறைகள் இரண்டு உண்டு. டலாலே பொதுவாக இலேசாகவும் காற்றோட்டம் கூடுதலாகவும் இருக்கும், விலையும் கூடும். தென்னை நார் மெத்தையும் காற்று விடும், ஆனால் கெட்டி. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு மேலே ஒரு மிருதுவான அடுக்கு இல்லாமல் சரிவராது. இலவம்பஞ்சும் பருத்தியும் குளுமைதான். அடிக்கடி வெயிலில் போட்டு உதறுவதற்கு இடமும் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

வறண்ட வெப்பத்தில் வியர்வை தானே காய்ந்துவிடுவதால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். பருத்தி உறை போட்ட, அதிகம் புதையாத எந்த மெத்தையும் போதும்.

குளிர்ந்த அறையில் கதை தலைகீழ். மெமரி ஃபோம் வெப்பத்துக்கு இளகி, குளிருக்கு இறுகும் பொருள். கடையில் மிருதுவாக இருந்தது, 15 டிகிரி அறையில் முதல் சில நிமிடங்களுக்குப் பலகை மாதிரி இருக்கும். பிறகு உடல் சூட்டில் இளகிவிடும், கதகதப்பாகவும் இருக்கும். குளிர் பிரதேசத்தில் அது குறையே இல்லை. (மெமரி ஃபோம் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவிலிருந்து வந்தது என்று விளம்பரங்களில் வரும் கதை பாதி உண்மை. 1966இல் நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது விமான இருக்கைக்கான குஷன். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

'கூலிங் ஜெல்' பற்றி ஒரே வரி: படுத்தவுடன் சில்லென்று இருக்கும், உங்கள் சூட்டை வாங்கி நிரம்பியதும் அதுவும் மற்ற ஃபோம் போலத்தான்.

படி 3: டென்சிட்டி என்ற எண்ணை எப்படிப் படிப்பது

எனக்கு விளங்க வெகுநாள் எடுத்த இடம் இது. "இது 40 டென்சிட்டி சார், நல்ல கெட்டி" என்பார் விற்பனையாளர். டென்சிட்டிக்கும் கெட்டித்தன்மைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. கெட்டித்தன்மையை அளப்பது வேறு சோதனை: ஃபோமை ஒரு வட்டத் தட்டால், அதன் உயரத்தில் 25 சதவீதம் அமுங்கும்வரை அழுத்தி, அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். ஒரே டென்சிட்டியில் மிருதுவான ஃபோமும் செய்யலாம், கெட்டியானதும் செய்யலாம். 50க்கு மேல் டென்சிட்டி உள்ள மெமரி ஃபோம் மிருதுவாக இருக்கிறது; 25 உள்ள மலிவான ஃபோம் கல்லாக இருக்கிறது. அப்படியானால் டென்சிட்டி எதற்கு? ஆயுளுக்கு. ஒரே வகை ஃபோமில், எண் குறையக் குறையச் சீக்கிரம் குழி விழும்.

சாதாரண ஃபோம் என்றால் தினமும் பெரியவர் படுக்கும் மெத்தைக்கு 32க்குக் கீழே நான் போக மாட்டேன். மெமரி ஃபோம் என்றால் 50. சில நிறுவனங்கள் கனஅடிக்கு எத்தனை பவுண்டு என்று போடுவார்கள். அதை 16ஆல் பெருக்கினால் கிலோ கணக்கு வந்துவிடும், 2.5 என்று எழுதியிருப்பதும் 40 என்று எழுதியிருப்பதும் ஒன்றே.

சொன்ன டென்சிட்டி உண்மைதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். 1.9 × 0.9 × 0.15 என்றால் ஏறக்குறைய 0.256 கனமீட்டர். 40 டென்சிட்டியானால் எடை 10 கிலோவைத் தாண்ட வேண்டும், 32 ஆனால் சுமார் 8 கிலோ. மெத்தையோடு எடைமேடையில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். உறையின் எடையையும் தோராயமாகக் கழியுங்கள். முழுக்க ஃபோம் உள்ள மெத்தைக்கு மட்டுமே இந்தக் கணக்கு. பல அடுக்கு என்றால் சராசரிதான் கிடைக்கும்.

*பின்சேர்க்கை:* ஒருவர் தன் மெத்தைக்கு டென்சிட்டி 90 வருகிறது, அப்படியானால் ரொம்ப உயர்ந்த ரகமா என்று கேட்டிருந்தார். இல்லை. அது ரீபாண்டட் ஃபோம்: வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்வது. கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும். அடி அடுக்காகப் போட்டால் பயனுள்ளதுதான். ஒல்லியானவர் ஒருக்களித்து நேராக அதன்மேல் படுத்தால் தோள் வலிக்கும். அதனால் அடுக்குவாரியாக என்ன பொருள், எத்தனை சென்டிமீட்டர், என்ன டென்சிட்டி என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடை.

படி 4: படுத்துப் பாருங்கள்

கையால் அமுக்குவதும் ஓரத்தில் உட்கார்ந்து குதிப்பதும் எதையும் சொல்லாது. தளர்ந்த உடையில் போய், உங்கள் வழக்கமான நிலையில், குறைந்தது 10 நிமிடம் படுங்கள். சொந்தத் தலையணையைக் கொண்டுபோக வெட்கப்பட வேண்டாம். மல்லாந்து படுத்து, கீழ்முதுகின் வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழையுங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே முடியாவிட்டால் ரொம்ப மிருது. ஒருக்களித்துப் படுத்தால் கூட வந்தவரிடம் பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேர்க்கோட்டில் தெரிய வேண்டும்.

ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பித் தரும் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். சுருட்டி வரும் மெத்தை முழு உயரத்துக்கு எழ ஓரிரு நாள் ஆகலாம், முதல் நாள்களில் வாடையும் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 போன்ற முத்திரை வேதிப்பொருள் சோதனையைப் பற்றியது, படுக்கும் சுகத்தைப் பற்றியது அல்ல. பழைய மெத்தையை உடனே தூக்கிப் போடாதீர்கள். புதிதுக்கு உடம்பு பழகச் சில வாரம் பிடிக்கும்.

படி 5: மேலேயும் கீழேயும்

காற்று விடும் மெத்தை வாங்கிய பிறகும் வேர்க்கிறது என்றால் முதலில் உறையைப் பாருங்கள். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு எல்லா வழியையும் அடைத்திருப்பார்கள். நீர் புகாததே வேண்டுமென்றால் பருத்தித் துணியின் அடியில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது வாங்குங்கள். வினைல் பிளாஸ்டிக் வேண்டாம்.

கட்டிலின் அடிப்பலகை முழுப் பிளைவுட்டாக இருந்தால், ஈரமான இடங்களில் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். வியர்வையின் ஈரம் கீழே இறங்கி, போக வழியில்லாமல் நிற்கும். மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த கட்டில்தான் நல்லது. ஃபோமோ லேடெக்ஸோ என்றால் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அந்தச் சந்துகளில் மெத்தை தொங்கும். பிளைவுட்டை மாற்ற முடியாதவர்கள் அதில் துளைகள் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரில் சாய்த்துக் காயவிடலாம். தரையில் போட்டுப் படுப்பவர்களுக்கு இது தினசரி வேலை.

*பின்சேர்க்கை:* அதிகம் வந்த கேள்வி, கணவருக்கும் மனைவிக்கும் எடையும் வழக்கமும் வேறு, என்ன செய்வது? சமரசமாக ஒரு நடுத்தர மெத்தை வாங்கி இருவரும் அவதிப்படுவதைவிட, ஒரே உயரத்தில் இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போடுங்கள். நடுவில் கோடு தெரியும் என்பார்கள். ஒரே விரிப்பை இழுத்துக் கட்டினால் அது பெரிய தொல்லையில்லை.

*இன்னொன்று:* சில மெமரி ஃபோம் மெத்தைகளில் தீ பரவாமல் இருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். ஜிப் இருக்கிறதே என்று வெளியுறையைக் கழற்றித் துவைத்தால் அந்த இழை வீடெல்லாம் பறக்கும். லேபிளில் கழற்றலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் ஜிப்பைத் தொடுங்கள்.

கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சமமான, கெட்டியான பரப்பு, தலையணை இல்லாமல். மிருதுவான மெத்தை மூச்சை அடைக்கும்.

உத்தரவாதத்தில் '10 ஆண்டு' என்ற எண்ணைவிட, எத்தனை சென்டிமீட்டர் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடுங்கள். இரண்டரை, சில இடங்களில் நாலு. மெத்தையில் கறை இருந்தால் மறுக்கலாம் என்ற வரியும் பெரும்பாலும் அதே பக்கத்தில் இருக்கும், ஆகையால் உறையை முதல் நாளே போட்டுவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடலாம். கவிழ்த்துப் போடுவது இரண்டு பக்கமும் படுக்கும்படி செய்த மெத்தைக்கு மட்டும்.